வரப்புக்கு மேலே வந்தது

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக் காலை என் காபியில் பல்லி விழட்டும். அத்தனையும் சத்தியம்.

எழுமலையில் தங்கப்பாண்டி, பக்கத்து நிலத்துக்காரரான மைக்கேல்ராஜ் வாத்தியாரின் வரப்பை மண்வெட்டியால் சீவித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தலைக்கு மேல் இரைச்சல். நிமிர்ந்தால் ட்ரோன்! வேப்பமரத்தடிக்கு ஓடினார், அதுவும் கூடவே வந்தது. வைக்கோற்போருக்குள் புகுந்தார், போருக்கு மேலேயே காவல் நின்றது.

ரிமோட்டும் கையுமாக வாத்தியார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு கும்பிடு மட்டும் வெளியே வந்தது. “வாத்தியாரே, மானத்த வாங்கிப்புடாதீங்க. வெட்டுன மண்ண அம்புட்டையும் திருப்பிப் போட்டுர்றேன்.”

“நானே இன்னைக்குத்தான் பறக்கவிடப் பழகுறேன் தங்கப்பாண்டி. எந்தப் பக்கம் திருப்புனாலும் சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது!”

“பழகுறப்பவே இம்புட்டுக் கரெக்டா வருதே!”

வாத்தியார் வரப்பைப் பார்த்தார், தங்கப்பாண்டியைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் வரப்பு பழைய இடத்துக்குப் போனது. போதாதென்று தன் நிலத்திலும் ஒரு முழம் விட்டுக்கொடுத்தார் தங்கப்பாண்டி. தலை மட்டும் நிமிரவில்லை.

“அந்தப் படத்த அழிச்சுப்புடுங்க வாத்தியாரே. நாளைக்கு நம்ம காளை அண்ணன் வீட்டு வரப்புத் தகராறுக்கு நாந்தான் நியாயம் சொல்லப் போறேன்.”

வாத்தியார் பெரிய மனது பண்ணி, ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். “அழிச்சாச்சு, போ.”

அந்த ட்ரோனில் கேமராவே கிடையாது.