அக்கம்பக்கத்துச் சாட்சி

ஏட்டய்யா குழாயடியில் நின்று அந்தப் பெயரை வாசித்தார்.

இந்தத் தெருவில் யாரும் கேட்டிராத பெயர்.

அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள் பெண்கள். இல்லாத ஆளைத் தேடத்தான் சம்பளம் கொடுக்கிறார்களா என்று பேச்சியம்மாள் கேட்டாள். குடங்களுக்கு நடுவே சிரிப்பு.

அந்தப் பெயருக்கு உரியவள் தன் வீட்டு வாசலில் நின்றாள். தம்பி சொன்னபடி சட்டை, கைலி. கூந்தலை அள்ளித் துண்டுக்குள் முடிந்திருந்தாள்.

"நான்தான் ஐயா."

சிரிப்பு நின்றுபோனது.

பாஸ்போர்ட் விசாரணை. வேறொன்றுமில்லை. இவர் இன்னார்தான் என்று பக்கத்து வீட்டார் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். டீக்கடை அண்ணாச்சியிடமும் இஸ்திரிக்காரரிடமும் அவள் சொல்லி வைத்திருந்தாள். சாயங்காலம் வருகிறேன் என்ற ஏட்டய்யா, தண்ணீர் வரும் நேரத்தில் வந்துவிட்டார்.

அண்ணாச்சி வரட்டும் என்று சொல்லிப் பார்த்தாள். இங்கேதான் இத்தனை பேர் நிற்கிறார்களே என்றார் ஏட்டய்யா.

விண்ணப்பத்தில் ஆண் என்று இருந்தது.

பெண் என்று போட ஆஸ்பத்திரிச் சான்று கேட்பார்கள். அது அவளிடம் இல்லை. திருநங்கை என்று போடலாம். அதற்கு அட்டை இருக்கிறது. போடாதே என்று தம்பி ஃபோனில் கெஞ்சினான். அவன் வேலை பார்க்கும் நாட்டில் பாஸ்போர்ட்டில் திருநங்கை என்பதற்கான எழுத்தைப் பார்த்தால் விசா தரமாட்டார்கள் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். மெய்யோ பொய்யோ, விசாரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அம்மா அங்கே அவனோடுதான் இருந்தாள். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இன்றைக்கோ நாளைக்கோ.

பெரியவ வந்துட்டாளா என்று கேட்கிறாளாம்.

ஆண் என்றால் பள்ளிச் சான்றே போதும். சீக்கிரம் முடியும்.

இதையெல்லாம் குழாயடியில் முன்பே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

குடிவந்த புதிதில் அவள் குடத்தை இவர்கள் காலால் தள்ளிவிடுவார்கள். ஆம்பிளைகள் வாளியோடு நிற்கும் ஓரத்துக்கு. குறை சொல்வதற்கில்லை, பழகாத முகம். அவள் தினமும் எடுத்து வந்து திரும்ப வரிசையில் வைப்பாள். தள்ளுவதை என்றைக்கு நிறுத்தினார்கள் என்று அவளுக்கே நினைவில்லை. இப்போதெல்லாம் அவள் வரப் பிந்தினால் பேச்சியம்மாளே இடம் பிடித்து வைக்கிறாள்.

அந்தப் பேச்சியம்மாள்தான் ஏட்டய்யாவின் முன்னால் வந்து நின்றாள். இவளுக்கு இந்தக் கைலியை மாட்டிவிட்டது யார் என்றாள். ஸ்டேஷனில் கூப்பிட்டு மிரட்டினீர்களா என்றாள்.

"நல்லாப் பாத்து எழுதும், ஏட்டய்யா. இது பொம்பளப்புள்ள. இந்தத் தெருவுல எந்த வீட்டுல வேணும்னாலும் கேளும்."

ஆமாம் என்றார்கள் எல்லோரும். எங்கே போடணும் கையெழுத்து, நானும் போடுகிறேன் என்று ஜெயராணி ஈரக் கையைத் துடைத்தாள்.

எத்தனை வருடம் ஏங்கிய வார்த்தை. காதில் விழுந்தது. உள்ளே எங்கும் போய்ச் சேரவில்லை.

ஏட்டய்யா பேனாவை மூடினார். தன்மையான மனுஷர்தான். பேப்பர் ஒன்று சொல்லி, தெரு ஒன்று சொன்னால், திருப்பித்தான் அனுப்ப வேண்டும் என்றார். பிறகு எல்லாம் முதலிலிருந்து.

"நீயே சொல்லு. என்னன்னு எழுத?"

குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அவள் தொண்டையைச் செருமினாள். இத்தனை காலமும் மெலிதாக்கி, அடக்கி வைத்திருந்த குரலை அவிழ்த்துவிட்டாள்.

"ஆம்பளதான் ஐயா."

தெருவுக்கு அது புதுக் குரல்.

பேச்சியம்மாள் அவளையே பார்த்தாள். பேனாவை வாங்கி, ஏட்டய்யா காட்டிய இடத்தில் எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினாள். அடுத்து ஜெயராணி.

ஏட்டய்யாவின் வண்டி தெருமுனை திரும்பியது.

அவள் படியிறங்கிக் குழாயடிக்கு வந்தாள்.

பேச்சியம்மாள் இடுப்பில் தூக்கிச் செருகியிருந்த சேலையை உருவிக் கணுக்கால் வரை இறக்கிவிட்டாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள்.

அவளைப் பார்த்து ஜெயராணி.

பிறகு ஒவ்வொருத்தியாக, மற்றவர்களும்.