மரியாதையாகக் கேள்

“வாடா, வா. இன்னிக்கு வசமா மாட்டினே” என்று கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார் ஷட்டர் மெக்கானிக். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இணையத்தில் பழுதுபார்க்கும் குழு ஒன்றில் யார் எதைக் கேட்டாலும் சும்மாவே வழி சொல்வார். அங்கே அவருக்குப் பெயர் ‘குருநாதர்’.

மாட்டியவன் ‘சிங்கம்’. ஏதோ ஒரு கடைக்காரன். மூன்று முறை இவரிடம் யோசனை கேட்டு வேலையை முடித்துக்கொண்டான், ஒரு நன்றி கிடையாது. ஆறு கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி. போன முறை, ‘நானே கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டேன்’ என்று குழுவில் பீற்றிக்கொண்டான். அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

இப்போது அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘மோட்டார் ஷட்டர் ஏறல. அவசரம். உடனே சொல்லு.’

அரை நிமிட வேலை. மோட்டாருக்குப் பக்கத்தில் தொங்கும் சங்கிலியை இழுத்தால் கையாலேயே ஏற்றிவிடலாம். குருநாதர் அதைச் சொல்லவில்லை. ‘முதல்ல வணக்கம் சொல்லிப் பழகு’ என்று எழுதினார்.

வாசலில் இரண்டு பெட்டிகள் தயாராக நின்றன. முதல் பேத்தி பிறந்து பத்து நாளாகிறது; ஐந்து மணி ரயிலைப் பிடித்தால் இன்றே பார்த்துவிடலாம். “பாப்பாவுக்கு ஒரு கவுன் வாங்கிட்டு அரை மணியில வந்துடறேன்” என்று போன மனைவியைத்தான் இன்னும் காணோம். செல்லையும் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

இவர் செல்லில் ஏதோ புது நம்பர் கூப்பிட்டது. “இவனுங்களுக்கு வேற வேலையே இல்லை” என்று வெட்டினார்.

‘வணக்கம். சொல்லுங்க’ என்றது சிங்கம்.

‘தயவுசெய்து எங்கே?’

‘தயவுசெய்து சொல்லுங்க.’

‘பழைய மூணு நன்றி பாக்கி இருக்கே?’

மறுபடி அதே நம்பர். மறுபடி வெட்டினார். மணியைப் பார்த்தார். “கடைக்குள்ள போயிட்டா இவளுக்கு உலகமே மறந்துடும்” என்று பல்லைக் கடித்தார்.

நாலரைக்குச் சிங்கம் காலில் விழாத குறையாக எழுதினான். ‘குருநாதர் ஐயாவுக்குப் பணிவான வணக்கம். மூணு தடவையும் உங்க தயவுலதான் பிழைச்சேன். நானே கண்டுபிடிச்சேன்னு சொன்னது பொய். தயவுசெய்து காப்பாத்துங்க.’

இரண்டு தடவை படித்தார். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அதற்கப்புறம்தான் சங்கிலியைப் பற்றி எழுதினார்.

‘ஏறிடுச்சு. நன்றி, நன்றி, நன்றி’ என்று உடனே பதில் வந்தது. குருநாதருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஐந்தடிக்கும்போது மனைவி உள்ளே வந்தாள். தலை கலைந்திருந்தது, முகமெல்லாம் வேர்வை. கவுன் பொட்டலம் கையில் கசங்கிக் கிடந்தது.

“ரயில் போயாச்சு. எங்கே போய்த் தொலைஞ்சே?” என்று எகிறினார்.

“கடைக்குள்ளதான் இருந்தேன். மதியம் பூட்டற நேரம்னு பாதி இறக்கின ஷட்டர் முழுசா இறங்கி நின்னுபோச்சு. ரெண்டு மணி நேரம் உள்ளேயே வெந்தோம். கடைப் பொண்ணு செல்லுலேர்ந்து ரெண்டு தடவை கூப்பிட்டேன், நீங்க வெட்டிட்டீங்க. கடைக்காரர் பாவம், யாரோ ஒரு குருநாதர்கிட்ட கெஞ்சிக்கிட்டே இருந்தார்.”

குருநாதர் மெல்லக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அந்த ஆள் எங்கே இருக்கான்னு விசாரிங்க. நான் நேர்லயே நன்றி சொல்லணும்.”