ஜீப்புக்குப் பின்னால் வெளிச்சம்

அதே ஜீப்தான். பச்சை நிறம், காடு மேடெல்லாம் ஏறுகிற பெரிய டயர், முன்னால் இரும்புக் கம்பி. மகள் வெண்மதி அழுதுகொண்டே சொன்ன அடையாளம் ஒன்றுகூடத் தப்பவில்லை.

அது இப்போது செஞ்சியில் தனகோட்டியின் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை வாசலிலேயே வந்து நிற்கிறது. தைரியத்தைப் பாருங்கள்.

"பின்னால எக்ஸ்ட்ரா ரெண்டு லைட்டு போடணும்ணே" என்றபடி இறங்கினான் அந்த ஆள். முப்பது, முப்பத்தைந்து வயசிருக்கும். பெயர் பீமாராவ் என்றான். சிங்கவரம் தாண்டி மலையடிவாரத்தில் கடலைக் கொல்லை இருக்கிறதாம்.

"ரிவர்ஸ் லைட்டுதான் இருக்குதே சார். எரியலையா?"

"எரியுது. ஆனா ரிவர்ஸ் கியர் போட்டாத்தான எரியுது? எனக்கு வண்டி முன்னால போறப்பவும் எரியணும். தனியா ஒரு சுவிட்ச் வச்சுக் குடுத்துடுங்க."

தனகோட்டிக்குச் சுருக்கென்றது. முன்னால் போகிற வண்டிக்குப் பின்னால் எதற்கு வெளிச்சம்? நல்ல காரியத்துக்கு எவனும் இப்படிக் கேட்க மாட்டான்.

வெண்மதிக்கு ஷூ கம்பெனியில் வேலை. சாயங்காலம் இருட்டினபிறகுதான் பஸ் வரும். மற்றப் பெண்களோடு, மெயின் ரோட்டிலிருந்து ஊர்ப் பாதை பிரிகிற கூட்ரோட்டில் இறங்கி, தங்கள் ஊரான சிங்கவரத்துக்கு நடந்து வர வேண்டும். போன வாரம் இந்த ஜீப் அவர்கள் பின்னாலேயே ஊர்ந்து ஊர்ந்து வந்திருக்கிறது. நின்றால் அதுவும் நின்றதாம். எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள்.

"இந்த மாசத்தோட வேலையை விட்டுடு" என்று சொல்லிவிட்டார் தனகோட்டி.

"சூப்பர்வைசர் ஆக்குறேன்னு சொல்லியிருக்காங்க நைனா. இப்பப் போயி விடச் சொல்றியே" என்று அவள் அழுத அழுகை வீட்டையே கலக்கிவிட்டது. அவர் இறங்கி வரவில்லை. மூன்று நாளாக மகள் அவரோடு பேசுவதில்லை.

எல்லாம் இந்தப் பாவியால். கையில் ஸ்பேனர் இருந்தது. ஆனால் அவசரப்படக் கூடாது, முதலில் இவன் வாயைப் பிடுங்க வேண்டும்.

கடைக்குப் பின்பக்கம் போய் மனைவி வசந்தாவுக்கு போன் போட்டார். "அந்த ஜீப்புக்காரன் நம்ம கடையிலதான் நிக்கிறான்."

"விட்டுடாத. நம்பரை போட்டோ எடு. ஸ்டேஷன்ல குடுத்துடலாம்."

போட்டோ எடுத்தாயிற்று. திரும்பி வந்து சிரிக்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"முயல் வேட்டைக்கா சார்?"

"சேச்சே, அதெல்லாம் கிடையாதுண்ணே."

"அப்ப பின்னால தொரத்தி வர்றவன் கண்ணைக் கூச வைக்கவா?"

"ஐயோ, யாரு கண்ணுலயும் படவே கூடாது. நல்லா கீழ சாய்ச்சு வைங்க. தரையிலதான் விழணும்."

"ரோட்ல எரியவிட்டா போலீஸ் புடிக்கும், தெரியுமில்ல?"

"தெரியும். கூட்ரோட்லேர்ந்து சிங்கவரம் வரைக்கும்தான். அப்புறம் அணைச்சிடுவேன்."

கூட்ரோடு. அவன் வாயாலேயே வந்துவிட்டது.

தனகோட்டி ஸ்பேனரைப் பெட்டிமேல் டங்கென்று வைத்தார். மரியாதையெல்லாம் போய்விட்டது. "காரணம் சொல்லாம ஒயர்ல கை வைக்க மாட்டேன். அந்த ரோட்ல உனக்கு இன்னா வேலை?"

பீமாராவ் தலையைச் சொறிந்தான்.

"கம்பெனிக்குப் போற பொண்ணுங்க இருட்டுல நடந்து வருதுங்கண்ணே. ஒரு தெருவிளக்கு கிடையாது. வளைவுல ரோட்டை ஒட்டியே கிணறு, சுத்துச்சுவரு இடிஞ்சு கெடக்குது. போன மழையில ஒரு பொண்ணு வழுக்கி அது ஓரத்துலயே விழுந்து எழுந்துச்சு. பார்த்த எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு."

"அதுக்கு?"

"வண்டியில ஏறுங்கன்னா ஏறுவாங்களா? ஊருதான் சும்மா விடுமா? வெளிச்சமாவது காட்டலாம்னு மெதுவா பின்னால போனேன். பாவம், என்னைப் பார்த்தே பயந்து ஓடுதுங்க. போதாததுக்கு, பின்னாலேர்ந்து லைட்டு அடிச்சா அவங்க நிழலே முன்னால விழுந்து பள்ளத்தை மறைக்குது. நான் முன்னால போயிட்டா பயம் இருக்காது. ஆனா வெளிச்சம் பின்னால விழணுமே. அதுக்குத்தாண்ணே."

அந்தக் கிணறு தனகோட்டிக்குத் தெரியும். தினமும் பைக்கில் அதைத் தாண்டித்தான் கடைக்கு வந்து போகிறார்.

"அதுங்க உனக்கு சொந்தமா, பந்தமா? நீ ஏம்பா இவ்ளோ மெனக்கெடுற?" குரல் இறங்கிவிட்டது.

"பெத்தவன்னு ஒருத்தனாவது பைக்கை எடுத்துக்கிட்டு கூட்ரோட்டுக்கு வருவான்னு மாசக்கணக்கா பார்த்தேண்ணே. யாரும் வரல."