ஐந்து நூலகங்களில் உள்ளது

மொட்டைத் தலையில் முடி அரும்பத் தொடங்கியிருந்த அந்த மனிதர், தன் அம்மா எழுதிய ஒரே புத்தகத்தைக் கேட்டு வந்திருந்தார். வீட்டில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லையாம். நூலகர் பிலோமினா கூட்டுப் பட்டியலில் தேடினாள். ஐந்து நூலகங்கள் சேர்ந்து, ஒரே விதிப்படி, ஒரே எண்ணிட்டுப் பதிந்துவரும் பட்டியல் அது. ஐந்திலும் இருப்பதாகத் திரை காட்டியது. ஆனால் இங்கிருந்த பிரதியை, மற்ற இடங்களில் இருக்கிறதே என்ற தைரியத்தில், இடநெருக்கடிக்காகக் கழித்துக்கட்டியவளே அவள்தான்; பட்டியலில் மட்டும் அதைத் திருத்தவில்லை. மற்ற நான்கு நூலகங்களுக்கும் போன் செய்தாள்.

"கழிச்சிட்டோமே மேடம். அதான் உங்ககிட்ட இருக்குல்ல?" என்றார்கள் நான்கு பேரும், சொல்லிவைத்தாற்போல.

எங்குமே இல்லாத புத்தகத்தின் பதிவை உடனே நீக்கிவிட வேண்டும் என்பதும் பொது விதிதான். பிலோமினாவின் விரல் நீக்கும் விசைக்கு மேலே நின்றது. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"பரவால்லங்க. என்னைக்காவது வந்தா குடுங்க. காத்திருக்கிறவங்க வரிசையில எம்பேரப் போட்டு வைங்க."

அவளால் மறுக்க முடியவில்லை. பெயரைத் தட்டினாள். அந்தப் புத்தகத்துக்கான வரிசையில் அவருக்கு முன்னால் ஏற்கெனவே மூன்று பேர் காத்திருந்தார்கள்.