கப்பலில் பேர் கூப்பிடும் நேரம்

"இன்னைக்கும் லிம்பெர்ட் வரல. அவங்க அப்பா மட்டும் வந்து உட்கார்ந்தாச்சு," என்றான் கிரோவர், திரையை விலக்கிப் பார்த்துவிட்டு.

முதல் வரிசையில், எப்போதும் உட்காரும் நாற்காலியில் லிம்பெர்ட்டின் அப்பா ஃப்ரோய்லான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை, அவர் வேலை செய்யும் சுரங்கத்தில் வேலை கிடையாது. ஆனாலும் முழங்கால் வரை ஈரச்சேறு, தலையில் தலைக்கவசம், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

"போட்டி நெருங்கிடுச்சு நில்டா. டிரம் இல்லாத பாட்டை எவன் கேப்பான்? யோசெலின் எல்லாத்தையும் பழகிட்டு நிக்கிறா. அவளை ஸ்டூல்ல உட்கார வை."

"லிம்பெர்ட்டோட அப்பாகிட்ட நீயே போய்க் கேளு."

"போன தடவையே கேட்டேன். 'என் பையன் இடத்துல யாரும் உட்காரக் கூடாது. பேரைக் கூப்பிடுங்க, அவனே வந்து பதில் சொல்வான்'னாரு. பல்லு மிச்சம்னு திரும்பி வந்துட்டேன்."

யோசெலின் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கியபடி ஓரமாக நின்றாள். "நான் இப்படியே நின்னுக்கறேன், சண்டை போடாதீங்க," என்றாள்.

நில்டா தன் நீலக் கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டாள். குழுவில் எல்லோருக்கும் அவள்தான் பின்னிக் கொடுத்தது. லிம்பெர்ட் அதைக் கழற்றவே மாட்டான். கல்லூரிக் கட்டணத்துக்காக விடுமுறையில் அப்பாவோடு சுரங்க வேலைக்குப் போனபோதும், தலைக்கவசத்துக்கு அடியில் அதுதான் இருந்தது. ஒரு நாள் சுரங்கம் சரிந்தது. அதற்குப் பிறகு அவன் ஒத்திகைக்கு வரவில்லை.

திரை விலகியது. அட்டையும் பழைய சலவை இயந்திரத்தின் கதவுகளும் சேர்த்துக் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல். கடலே இல்லாத பொலிவியாவில், ஓருரோ என்ற மலை ஊரில், மாணவர்கள் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டு கேட்க வந்தவர்கள் அனைவரும் பயணிகள்.

"பயணிகளே, நாம இப்போ கிட்டத்தட்ட நாலாயிரம் மீட்டர் ஆழத்துல இருக்கோம்," என்றாள் கேப்டன் நில்டா.

"உயரத்துல," என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"ஆழத்துலதான். உனக்கு மூச்சு முட்டல?"

அரங்கம் சிரித்தது. நில்டா பேர் கூப்பிட ஆரம்பித்தாள்.

"அட்மிரல் நெத்திலி."

போன நிகழ்ச்சியில் ஆக்டோபஸ் விழுங்கிய காகித மீன் அது. அரங்கமே எழுந்து முஷ்டியை உயர்த்தி, "ஆஜர்," என்றது. செத்தவன் பேரைக் கூப்பிட்டால் இருப்பவர்கள் பதில் சொல்வது இந்த ஊர்ச் சுரங்கக்காரர்களின் சவ ஊர்வல வழக்கம். பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள், கப்பலுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள்.

"பேஸ் கிதார், கிரோவர்."

"ஆஜர் கேப்டன். ஆனா பசி."

"டிரம், லிம்பெர்ட்."

டிரம்முக்குப் பின்னால் ஸ்டூல் காலியாக இருந்தது. முதல் வருடத்துப் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"கப்பல்ல ஒரு ஓட்டை," என்றாள் நில்டா வழக்கம்போல. "அடைக்க வெளியே போயிருக்கான். வந்துடுவான்."

"கேப்டன் அம்மா."

ஃப்ரோய்லான் எழுந்து நின்றார். இதுவரை எந்த நிகழ்ச்சியிலும் அவர் வாய் திறந்ததில்லை. சுரங்கக்காரர்கள் பசிக்கு மெல்லும் கோகா இலையைக் கன்னத்தில் அடக்கியிருந்தார்; அதை ஒதுக்கிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தார்.

"அந்தக் குச்சி வெச்சிருக்கிற பொண்ணு யாரு? நீதானாம்மா? போய் உட்காரு."

யோசெலின் அசையவில்லை.

"உட்காருங்கறேன்ல. போட்டி இருக்குல்ல உங்களுக்கு?"

அவள் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். கிரோவர் நிம்மதியாக மூச்சு விட்டான். கிழவன் ஒருவழியாக இறங்கி வந்துவிட்டான் என்றுதான் நினைத்தான்.

ஃப்ரோய்லான் பையை மேடை விளிம்பில் வைத்துப் பிரித்தார். விரல்களில் நகங்கள் பிய்ந்திருந்தன. உள்ளே சேறு அப்பிய கம்பளிக் குல்லாய். ஒரு ஓரத்தில் மட்டும் நீலம் தெரிந்தது. நில்டாவுக்குத் தன் பின்னல் தெரியும். ஒலிவாங்கியைப் பிடித்திருந்த அவள் கை கீழே இறங்கியது.

"இன்னொரு தடவை கூப்பிடும்மா," என்றார்.

நில்டா ஒலிவாங்கியை மறுபடி உயர்த்தினாள்.

"டிரம்... லிம்பெர்ட்."

ஃப்ரோய்லான் தலைக்கவசத்தைக் கழற்றினார். முஷ்டியை உயர்த்தினார்.

"ஆஜர்."