உண்ணும் விரதம்

உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்து பால்சாமி சோறு தின்றுகொண்டிருந்தார்.

தலைக்கு மேலே கட்டியிருந்த துணியில் ‘சாகும்வரை உண்ணாவிரதம்’ என்று எழுதியிருந்தது. போடியிலிருந்து மாலையோடு வந்தவர்களும், குரங்கணி அடிவாரத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறக் கிளம்பியவர்களும் வாயைப் பிளந்து நின்றார்கள்.

அவர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பட்டினிப் போராட்டம் நடத்துகிறவர். வெள்ளைக்காரன் போய்விட்டான், பட்டினி போகவில்லை.

“அண்ணே, என்ன காரியம் பண்றீக?” சங்கச் செயலாளர் சோலைமலை ஓடி வந்தான். “சனம் பூராம் பாக்குதுண்ணே!”

“பாக்கட்டும். அந்தத் தண்ணிச் செம்பைக் கொண்டா.”

“மானம் போகுதுண்ணே.”

“பசியும் போகுதப்பா.”

மேல்மூச்சு வாங்கத் தூக்குச்சட்டியைச் சுமந்து வந்த அவர் மனைவி மருதாயி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு வாய் உண்டால் அவளும் ஒரு வாய் உண்டாள்.

“புருசனும் பொண்டாட்டியும் விருந்துக்கு வந்திருக்காகளாக்கும்!” என்றான் கூட்டத்தில் ஒருவன். கையிலிருந்த மாலையைத் தரையில் எறிந்தான்.

சோலைமலை குனிந்து காதோடு கேட்டான்: “காரணத்தையாச்சும் சொல்லுங்கண்ணே.”

“போடி டாக்டரு சொல்லிட்டாருப்பா. பட்டினி கிடக்கோம். செயிச்சதும் சனங்க வீட்டுக்கு ஒரு கோழியடிச்சு வந்து கொட்டுறாக. பட்டினியில பயந்த உடம்பு, கெடைச்சதையெல்லாம் கொழுப்பாக்கிப் பதுக்குதாம். எளைக்கும், முன்னைக்கு மேல ஊதும். மறுபடி எளைக்கும். இப்பிடி ஏத்தி எறக்கியே நெஞ்சு களைச்சுப்போச்சாம். சர்க்கரையும் வந்திருச்சு. இன்னொரு பட்டினின்னா ஆளு தேறாதுன்னுட்டாரு.”

சோலைமலை தலைவரின் தொந்தியைப் பார்த்தான். கண் கலங்கியது.

“மருந்து?”

“மூணு வேளையும் அளவாச் சோறு, கீரை, பயறு. நேத்துத் தின்ன அளவே இன்னைக்கும். பட்டினியும் கூடாது, விருந்தும் கூடாது. அம்புட்டுத்தான்.”

சங்கத்தின் கோரிக்கையும் சோறுதான். காய் பறிக்கிற மாதங்களில் தோட்டத்தில் ஆளுக்கு முழுப்படி அரிசி. பறிப்பு முடிந்தால் அரைப்படி. வருடாவருடம் சனங்கள் தேறுவார்கள், வற்றுவார்கள். கேட்டால், “வேலைக்குத் தகுந்த சோறு” என்பார் முதலாளி திருப்பதி.

அந்த முதலாளியின் ஜீப் வந்து நின்றது. அவர் சிரித்தார். அவர் சிரித்ததால் டிரைவரும் சிரித்தான்.

“என்ன தலைவரே, பந்தல்ல பந்தி நடக்குது? உண்ணாவிரதம் போயி, உண்ணும் விரதமா?”

பால்சாமி அவசரப்படவில்லை. வாயில் இருந்ததை நன்றாக மென்று விழுங்கினார்.

“பேரு நல்லாருக்கு மொதலாளி. அதையே வச்சுக்குவோம். சோலைமலை, துணியை அவுத்து அப்பிடியே எழுது.”

பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலெடுத்தார். ஒலிபெருக்கி இல்லாமலே வளர்ந்த குரல் அது.

“இத்தனை வருசமா நான் இங்க வயிறு காஞ்சேன். நீங்க மேல காயைப் பறிச்சுக் கொட்டுனீக. நான் எளைச்சேன், மொதலாளி மூட்டை எளைக்கலையே! பட்டினி கிடக்கறவனைப் பாத்து எந்த மொதலாளிக்கும் வயித்தைக் கலக்குனதில்ல. இனி யாரும் பட்டினி கிடக்க வேணாம். எல்லாரும் இங்க உக்காருவோம். மூணு வேளையும் அளவாத் தின்னுவோம். காய் அதுபாட்டுக்குப் பழுத்து வெடிக்கட்டும்!”

முதலாளியின் சிரிப்பு நின்றது. டிரைவர் மட்டும் கொஞ்ச நேரம் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

காய் பறிக்கிற செல்லத்தாய்தான் முதலில் கூடையை இறக்கினாள்.

“அப்ப எனக்கும் ஒரு எலையைப் போடு தலைவரே. இந்தப் போராட்டம் நமக்கு நல்லா வரும்!”

அடிவாரமே சிரித்தது. மலையேற வந்த அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து ராசிங்காபுரத்துச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த கம்பும் மொச்சையும் மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். மாலையை எறிந்தவனே கரண்டி பிடித்துப் பரிமாறினான்.

மேலே தோட்டத்தில் காய் பழுத்து வெடித்தது. பறிக்க ஆளில்லை, அணில்களுக்குக் கொண்டாட்டம். எத்தனையோ பட்டினிக்கு அசையாத முதலாளி, தொழிலாளி விட்ட ஏப்பத்துக்கு ஆடிப்போனார்.

வாரம் திரும்புவதற்குள் ஜீப் மறுபடி வந்தது. இந்தத் தடவை முதலாளி இறங்கி நடந்து வந்தார்.

“வருசம் பூராம் முழுப்படி. ஒத்துக்கிறேன். காயெல்லாம் பாழாப் போகுது, வெரசா மேல ஏறுங்கப்பா!”

கொட்டு முழங்கியது. துணியைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். செல்லத்தாய் வழக்கம்போல ஒரு கோழியோடு ஓடி வந்தாள்.

“அதைக் கீழ விடு ஆத்தா,” என்றார் பால்சாமி. “செயிச்சாலும் அதே அளவுதான்.”

கோழி தப்பித்து ஓடியது. வெற்றி அதற்கும்தான்.

சோலைமலை தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டான். “ஒங்க நெஞ்சு தாங்குச்சே, அது போதும்ணே.”

“என் நெஞ்சுக்கு என்னப்பா? குத்துக்கல்லாட்டம் இருக்கு.”

“டாக்டரு சொன்னாருன்னீகளே?”

பால்சாமி முதன்முறையாகத் தலை குனிந்தார். மருதாயியின் இலையில் கீரையை எடுத்து வைத்தார்.

“அவரு பாத்தது என்னையில்லப்பா, இவளை. நான் சாப்பிடாம இவ ஒருநாளும் சாப்பிட்டதில்ல. நான் கிடந்த அத்தனை பட்டினியும் இவளும் கிடந்திருக்கா, பந்தலும் இல்லாம, மாலையும் இல்லாம.”