வியாழக்கிழமை மூடி

“அந்தச் சாக்கடை மூடி மேல மட்டும் தரை போட்டுடாதே, கண்ணு.”

பக்கத்து வீட்டு நார்மன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

ஜானிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவை மாடிப்படி ஏற்றி இறக்கியே அவள் இடுப்பு போயிருந்தது. பின்முற்றத்தில் ஓர் அறையும் கழிப்பறையும் கட்டிவிட்டால் போதும். அம்மாவை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டாம்.

கொத்தனார் டேரன் வரைபடத்தைப் பிரித்தான். இங்கிலாந்தின் ராக்டேல் ஊர்த் தூறல் அதன்மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

“மூடியை வெளிய விடணும்னா அறை மூணு அடி குறையும். ரெண்டாவது கட்டில் போட முடியாது.”

“அப்ப நான் எங்க படுக்கிறது? அம்மா தனியா எழுந்து விழுந்துட்டா?”

“அப்ப மூடிடுவோம். சாக்கடைக் குழாயே உங்க வீட்லதான் ஆரம்பிக்குது. இங்கிருந்து சரிவா இறங்கி நார்மன் வீட்டுக்குப் போகுது. இந்தக் குழியில உங்க தண்ணி மட்டும்தான்.”

“கேட்டீங்களா நார்மன்? எங்க வீட்டு அழுக்கு. உங்களுக்கு என்ன அதுல?”

“குழாய் அடைச்சுக்கும்மா,” என்றார் நார்மன்.

“முப்பது வருஷம் பஸ் ஓட்டின பெருசு,” என்றான் டேரன், அவருக்குக் கேட்கும்படியே. “சும்மா உட்கார முடியல.”

ஜானிஸை எரிச்சல்படுத்தியது அவர் பேச்சுகூட இல்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அம்மாவைச் சர்ச்சில் நடக்கும் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போவாள். அந்த நேரமாகப் பார்த்துப் பின்கேட் வழியாக வந்து மூடியைத் திறப்பார் மனுஷன். திரும்பி வரும்போது முற்றம் கழுவி ஈரமாக இருக்கும். கேட்டால், “சும்மா பார்த்தேன்” என்பார். ஆள் இல்லாத வீட்டில் என்ன பார்வை?

அன்றைக்கே கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினாள். நார்மன் பூட்டைப் பார்த்தார். தன் வீட்டுக்குள் போனார்.

மூன்று வாரம் கழித்து அஸ்திவாரம் தோண்ட வந்த டேரன் கத்தினான். “ஜானிஸ், இங்க வாங்க!”

மூடியைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர். நாற்றம் தாங்காமல் ஜானிஸ் மூக்கைப் பொத்தினாள். அவன் மூடியை நெம்பி எடுத்து, கம்பியை விட்டு இழுத்தான். ஊறிப் பருத்த ஏதோ வந்தது. பின்னாலேயே இன்னொன்று. சிறுநீர் கசிந்தால் உறிஞ்ச வயதானவர்கள் கட்டிக்கொள்ளும் பேட்.

“யாரு இதையெல்லாம் டாய்லெட்ல போட்டு ஃப்ளஷ் பண்றது?”

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையிலிருந்த கோப்பை சாஸரில் கடகடவென்று அடித்துக்கொண்டது. நர்ஸ் கொடுத்த பேட் பாக்கெட்டைப் பார்த்து, ‘இதெல்லாம் எனக்கு எதுக்கு?’ என்று சிரித்தவள். ஜானிஸும் அதை நம்பியிருந்தாள்.

“அது என்னோடது,” என்றார் நார்மன், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தெருவுக்கே கேட்கிற குரலில். “வயசாயிடுச்சு. குப்பைத்தொட்டில போட வெக்கம். மன்னிச்சுக்கோங்க.”

கோப்பைச் சத்தம் நின்றது.

“அதுல என்ன இருக்கு, நார்மன்,” என்றாள் அம்மா மெல்ல. “எல்லாருக்கும் வர்றதுதானே.”

டேரன் சரிவைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். “உங்க வீடு கீழ இருக்கு பெருசு. அங்கிருந்து எப்படி மேல…”

ஜானிஸ் அவன் பூட்ஸை ஓங்கி மிதித்தாள்.

“ஒரு கட்டில் போதும், டேரன். மூடி வெளியவே இருக்கட்டும். நான் சோபாவில படுத்துக்கிறேன்.”

கேட் சாவியை எடுத்துச் சுவர்மேல் வைத்தாள்.

“வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாங்க வீட்ல இருக்க மாட்டோம், நார்மன்.”